வளவு வீடுகள்

ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு செட்டிநாட்டில் இல்லை. வானம் பார்த்த அந்த வறண்ட நிலத்தில்தான், கடல் கடந்து பொருளீட்டிய நகரத்தார் அரண்மனை போன்ற வீடுகளை எழுப்பினர். கூரைகள் நாற்புறமிருந்தும் முற்றத்தை நோக்கிச் சரிந்தன. மழைநீர் முற்றத்தில் சேர்ந்தது.

பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கற்கள், முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணச் சுவர்கள் ஆகியவற்றில்தான் காண்போர் கண் முதலில் படுகிறது. வீட்டின் நுட்பமோ வளவில் இருக்கிறது. முற்றத்தைச் சூழ்ந்த அறைகளில் மணமான மகன் ஒவ்வொருவருக்கும் தனி இடம் உண்டு. 'வேறு வைத்தல்' என்னும் வழக்கப்படி அவனது குடும்பம் தனியாக உலை வைக்கும். கூரை ஒன்று, அடுப்புகள் பல! பூசலின்றிச் சேர்ந்து வாழ இதைவிட நல்ல ஏற்பாடு அரிது.

அச்செல்வத்தின் மறுபக்கமும் அறியத்தக்கது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனை அடைக்க இயலாத உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவ்வாறு சேர்ந்தது. தூணின் வழவழப்பை வியப்போர் அவ்வுழவர்களையும் நினைத்தல் முறை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருவாயின் ஊற்று அடைபட்டது.

வீடுகள் நின்றன, வாழ்வோர் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தனர். அறைவாரியாகப் பகுத்த உரிமை தலைமுறைதோறும் மேலும் பகுபட்டது. ஓடு ஒன்று உடைந்தால் மாற்றும் பொறுப்பு எவருடையது? விடை கிடைப்பதற்குள் மழை உள்ளே இறங்கிவிடுகிறது. பங்காளிகள் உடன்பட்டதும் வீடு பிரிக்கப்பட, கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் செல்கின்றன. பெயர்த்தெடுத்து மீண்டும் எழுப்பப்பெற்ற செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கோவிலம்பாக்கம் மாணவரும் அருகிலுள்ள முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவில் காணலாம். அங்கு முற்றம் உண்டு, உலை வைப்போர் இல்லை.

செட்டிநாட்டிலேயே எஞ்சிய வீடுகள் பலவற்றில் இன்றும் திருமணம் வளவில்தான் நடைபெறுகிறது. அதற்கு முன்னாள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வருகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அறையின் சாவி இருக்கிறது.