பாஸ்போர்ட் இல்லாத வெளிநாடு



வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? டிப்ளமோ முடித்ததும் சிங்கப்பூர், துபாய் என்று ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே கிடக்கிறோம். இந்த செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் ஒரு வெளிநாட்டு நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டே வந்துவிட்டோம். பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. மரக்காணத்திலிருந்து 35 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த நகரத்தின் பெயர் புதுச்சேரி!

சிரிக்காதீர்கள். 1954 நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊர் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படி அது இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். 1954 வரை நம் ஊருக்குப் பக்கத்திலேயே வேறு கொடி, வேறு சட்டம், வேறு மொழி! எல்லையில் சுங்கச் சாவடி வேறு. இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் அந்த எல்லையைப் பார்க்கலாம். கூனிமேடு தாண்டி காலாப்பட்டு வந்தால் புதுச்சேரி. 'வந்துட்டோம்டா' என்று எழுந்தால் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்தபிறகுதான் மீண்டும் புதுச்சேரி. உட்கார்ந்த இடத்திலேயே மூன்று முறை எல்லை தாண்டுகிறோம்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. ஜனவரியில் இறங்கினால் மழை பிடிக்கும் வரை பாத்தியும் வெயிலும்தான் அவர்கள் உலகம். அவர்களுக்குப் பாண்டி என்றால் ஜிப்மர் ஆஸ்பத்திரி மட்டுமே. விடியற்காலையில் போவார்கள், வரிசையில் நிற்பார்கள், மருந்தோடு திரும்புவார்கள். கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. "அதெல்லாம் வெள்ளக்காரன் தெருவு. நமக்கு அங்க இன்னாடா வேல?" என்று ஆயா சொல்லும்.

அந்த 'வெள்ளக்காரன் தெருவு'க்குத்தான் நாங்கள் போனோம்.

ஊரின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால். கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர்கள் வாழ்ந்த பகுதி. வாய்க்காலைத் தாண்டியதும் மஞ்சள் சுவர்கள், உயரமான கதவுகள், சுவரோரம் காகிதப்பூக் கொடிகள். தெருப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும். "எல்லாத் தெருவுலயும் ரூ ரூ-ன்னு போட்டிருக்கானே, ரூ-ன்னா ரூபாயா மச்சான்?" என்றான் மெக்கானிக்கல் நண்பன். செல்போனில் தட்டிப் பார்த்துச் சிரித்தோம். 'ரூ' என்றால் தெரு!

தெருக்களோ டி-ஸ்கொயர் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்நேராக ஓடுகின்றன. சிவில் நண்பனுக்கு ஒரே ஆனந்தம். 1693-ல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்து ஆறு வருடம் வைத்திருந்தார்கள். அவர்கள் போட்ட வரைபடமே இந்தத் தெருக்களுக்கு அடிப்படை. 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கட்டியபோதும் தெருக்கள் அதே கோட்டில்தான் எழுந்தன. நம் டிராயிங் ஷீட்டை இனிமேல் அலட்சியமாக மடிப்போமா?

செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம். வாசலில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நம்மள உள்ள விடுவாங்களாடா?" என்று மெதுவாகக் கேட்டான் ஒருவன். எங்கள் நாலு பேர் மனதிலும் அந்தக் கேள்விதான். காவலாளி எங்களைப் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டுப் போங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்! நாங்கள் இத்தனை பெரிதாக நினைத்த கதவு அவ்வளவு லேசாகத் திறந்தது.

உள்ளே அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், ரோமானிய மண்பாண்டச் சில்லுகள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியோடு நடந்த வணிகத்தை உலகுக்குக் காட்டினார். அந்தக் காலத்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழி நூல் இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே என்பது புதுச்சேரி. சோபட்மா என்பது மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் நம் ஊர்தான் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போன ஊருக்குப் பக்கத்துத் துறைமுகமாக நம் ஊரும் நின்றிருக்கிறது!

பிறகு ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908-ல் ஆங்கிலேயர் கைது செய்துவிடுவார்கள் என்ற நிலையில் பாரதி தஞ்சம் புகுந்த ஊர் இது. 1918 வரை பத்து வருடம் இங்கே இருந்தார். தன் சொந்த மண்ணில் எழுத முடியாததை ஒரு தமிழன் பக்கத்திலிருந்த 'வெளிநாட்டில்' உட்கார்ந்து எழுதினான். கடற்கரையில் 1938-ல் திறந்த போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது. அவர்கள் யார்? நம்மைப் போல இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே! அப்படியென்றால் இது வெறும் 'வெள்ளக்காரன் தெருவு' எப்படி ஆகும்?

மாலையில் டவுன் பஸ் ஒன்று வந்தது. நெற்றியில் 'உப்பளம்' என்று போர்டு! நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். புதுச்சேரிக்குள்ளேயே உப்பளம் என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்று அங்கே வீடுகளும் விளையாட்டு மைதானமும்தான். பெயர் மட்டும் பழைய தொழிலைச் சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இதை ஒட்டி நூலகத்தில் தேடிப் படித்தேன். 1815-ல் பிரான்சும் ஆங்கிலேயரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிரெஞ்சுப் பகுதி உப்பை வாங்கும் தனி உரிமைக்காக, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தர வேண்டும். 1818-ல் அங்கே உப்பு எடுப்பதையே நிறுத்த இன்னோர் ஒப்பந்தம். தங்கள் உப்பு வரிக்கும் ஏகபோகத்துக்கும் குந்தகம் வரக்கூடாதே, அதற்காக!

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மழைக்காலத்துல வேல இல்லாதப்ப நமக்கு நிவாரணம் அஞ்சாயிரம். அவனுக்கு உப்பே போடாம இருக்க வருசத்துக்கு நாலு லட்சமா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. உப்பு எவ்வளவு பெரிய சரக்கு என்பது இரண்டு சாம்ராஜ்யங்களுக்கும் தெரிந்திருக்கிறது. வாரிக் குவித்த கைகளுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் படித்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. இப்போது நான் இருக்கிறேன்.

தோழர்களே! நாளை இந்த டிப்ளமோ நம்மை ஸ்ரீபெரும்புதூருக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டு போகலாம். அங்கேயும் உயரமான கதவுகள் இருக்கும், புரியாத பலகைகள் இருக்கும். 'உள்ள விடுவாங்களா' என்று தெருவிலேயே நின்றுவிடாதீர்கள். பலகையைப் படியுங்கள், புரியாவிட்டால் கேளுங்கள், தைரியமாக உள்ளே போங்கள். நம் ஊர்க்காரன் அந்த ஊருக்கு என்ன கொடுத்தான் என்று தேடுங்கள். தேடிக் கண்டதை வீட்டில் படிக்காத பெரியவர்களுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

அடுத்த விடுமுறையில் ஆயாவையும் அழைத்துப் போகப் போகிறேன். இந்த முறை ஜிப்மருக்கு அல்ல, கடற்கரைக்கு!