வீரர் உலகமும் பெரட்டுக் களமும்

திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்துச் சென்ற கொப்பிகளுள் ஒன்றின் மேலட்டையில், மாணவனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், பிறைபோல் வளைந்து பல முனைகள் நீட்டிய விசித்திரமான வாளொன்று நீல மையால் வரையப்பட்டிருந்தது. எமது புறநானூற்றுப் பாடங்களின் விளைவு போலும் என்று உள்ளூர மகிழ்ந்தோம். மறுநாள் அவனை அழைத்து, "இது சேரன் வாளா, பாண்டியன் வாளா?" என்று வினவினோம். அவன் எம்மைச் சிறிது இரக்கத்துடன் நோக்கினான்.

"இது கிளிங்கன்களின் வாள், சேர். பாட்லெத் என்று பெயர்."

இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே அமைந்த தமிழ்ப் பாடசாலை எம்முடையது. இப்பையனின் தாய் பால் வெட்டுபவள். விடியுமுன் எழுந்து, கத்தியும் வாளியுமாக மரம் மரமாகச் சென்று பட்டை சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்துக் கொண்டுவந்து நிறுக்கக் கொடுப்பவள். தமையன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவன் விடுமுறைக்குக் கொண்டுவந்த கைப்பேசியில்தான் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடரும் படங்களும் எமது மாணவனை வந்தடைந்திருந்தன. அந்த வாளைப் பற்றி ஆர்வத்துடன் விளக்கிக்கொண்டே வந்தவன், இடையில், தனக்குள் பேசிக்கொள்வதுபோல ஒன்று சொன்னான்:

"அவர்கள் வீர இனம், சேர். அவர்களுக்கு ஓர் உலகமே சொந்தம். நாங்கள் கூலி இனம்தானே."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அச்சொல் எம்மை விட்டுப் போகவில்லை.

உண்மையைச் சொன்னால், அவன் மீது கோபம் எழவில்லை; எம்மீதே ஐயம் எழுந்தது. பேராதனையில் தமிழ் பயின்று திரும்பிய நாள் முதல் 'வீரயுகம்', 'மறக்குடி', 'நடுகல்' என்று இப்பிள்ளைகளின் முன்னே முழங்கி வந்தவர் யார்? போரில் மடியாது பாயிலே மாண்ட மன்னரின் உடலைத் தருப்பையிற் கிடத்தி வாளாற் கீறிய வழக்கத்தைக் குரல் உயர்த்தி விளக்கியவர் யார்? லயத்துப் பிள்ளைகளுக்குத் தன்மான உணர்வை ஊட்டுகிறோம் என்றே எண்ணினோம். அவர்களுள் ஒருவனேனும் அதைக் கேட்டுத் தன் தாயைக் குறைத்து எடைபோடுவான் என்று எண்ணவில்லை. பையன் எமது பாடத்தை நன்றாகவே கற்றிருந்தான். பாட்டனை விட்டு வேறோர் உலகத்தாரை வீரராகத் தேர்ந்துகொண்டான், அவ்வளவே வேறுபாடு.

ஆதலால் அவன் கண்ட உலகை நாமும் காண்பதென்று முடிவு செய்தோம். பள்ளி விடுமுறையில் பல இரவுகள் இதிற் கழிந்தன. (இலக்கிய ஆசிரியருக்கு இது தகுமா என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வோம். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், சிவனொளிபாத மலையை மாதிரியாகக் கொண்ட சிகரம் ஒன்றிலிருந்து விண்ணுக்குத் தூக்கி அமைக்கும் கதையை 1979இலேயே நாவலாக எழுதிவிட்டார். விண்வெளிக் கதை எமது அடிவாரத்துக்குப் புதிதன்று.)

'ஸ்டார் ட்ரெக்' அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கியது. கிளிங்கன்கள் 1967 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு கதையில் முதன்முதல் தோன்றினர். பனிப்போர்க் காலம் அது. அமெரிக்கர் தம் எதிரியாகக் கண்ட சோவியத்து நாட்டின் சாயலை இவர்கள் மீது ஏற்றியிருந்தமை எவர்க்கும் விளங்கும். அந்த முதற் கதையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. இரு வல்லரசுகளும் தமக்குள் பங்கிடத் துடிக்கும் ஓர் உலகத்தின் மக்கள், படையின்றி, கோட்டையின்றி, ஆட்டுமந்தைபோல் அடங்கி வாழும் எளிய நாட்டுப்புறத்தாராகத் தென்படுகின்றனர். முடிவில் பார்த்தால் எல்லாரினும் ஆற்றல் மிக்கவர் அவர்களே. இரு தரப்பின் ஆயுதங்களையும் தொடமுடியாதபடி செய்துவிடுகின்றனர். இக்கதையைப் பையன் பார்த்திருக்கவில்லை. பழைய படம், வாளும் இல்லை என்று தள்ளிவிட்டானாம்.

பின்வந்த ஆண்டுகளில் இவ்வினத்துக்கு நெற்றி மேடுகளும், முதல் மன்னனைப் பற்றிய புராணமும், மானத்தோடு மடிந்தோர் சென்று சேரும் வீரசுவர்க்கமும் வாய்த்தன. மொழியும் வாய்த்தது. மார்க் ஒக்ராண்ட் என்னும் மொழியியலாளர் அதற்கு இலக்கணம் வகுத்து 1985இல் அகராதியும் வெளியிட்டார். இவர் முன்னர் கலிபோர்னியாவில் பேசுவோர் அற்றுப்போன முத்சுன் என்னும் பழங்குடி மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். உண்மையில் வாழ்ந்த மக்களின் மொழி மடிந்துபோக, இல்லாத வீரரின் மொழியைக் கற்க உலகெங்கும் ஆள் இருக்கிறது என்பதை எண்ணியபடி ஓர் இரவு நெடுநேரம் விழித்திருந்தோம்.

அவர்களின் தாய் உலகத்துக்குக் குரோனோஸ் என்று பெயர். 1991இல் வந்த திரைப்படத்திலேதான் அப்பெயர் வழங்கலாயிற்று. கோடிக்கணக்கானோர் வாழும் கோள் ஒன்றுக்கு ஒரே குணம்! வீரம் ஓர் உலகுக்கு, தந்திர வணிகம் மற்றோர் உலகுக்கு, தர்க்கம் இன்னோர் உலகுக்கு என்று பிறப்பையே குணமாக்கி வைத்த இந்தப் பங்கீடு எமக்கு எங்கோ பழகியதாகத் தோன்றியது. சிந்தித்தபோது விடை கிடைத்தது. அது வானத்தில் பிறந்ததன்று.

1857 கிளர்ச்சிக்குப் பின்னர் பிரித்தானிய ஆட்சியாளர் இந்திய மக்களைப் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்றும் அஃது அற்றவை என்றும் பிரிக்கலாயினர். 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபு இக்கொள்கையின் பெரும் ஆதரவாளர். கம்பெனியின் தொடக்ககாலப் போர்களை வென்றுகொடுத்த சென்னைப் படையின் தமிழரும் தெலுங்கரும் அவர் கண்ணுக்கு வீரம் வற்றியவராயினர்; அவர்களின் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன; சீக்கியரும் கூர்க்கரும் பட்டாணியரும் வீர இனங்களாயினர். ஆட்சிக்கு அடங்கி நிற்கக்கூடியவர் எவர் என்ற கணக்கே இதன் உட்பொருள் என்பதை வரலாறு கற்றோர் அறிவர். வேறு சிலரை 1871ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. அதே நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் விரட்டிய மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து, முதலில் கோப்பிக்கும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கும், அதன்பின் எமது சப்பிரகமுவக் குன்றுகளில் இறப்பருக்கும் ஆளாயினர். பேரேட்டில் அவர்களுக்கு எழுதப்பட்ட பெயர் 'கூலி'. ஒரே பேரரசின் ஒரே பேனா ஒருவனை வீரன் என்றும், ஒருவனைக் கள்வன் என்றும், ஒருவனைக் கூலி என்றும் எழுதிற்று. அந்தப் பேனா எழுதியதை எமது மாணவன் 'இனம்' என்று படிக்கிறான்.

இவற்றை ஒரு வெள்ளிக்கிழமைப் பாடவேளையில் வகுப்புக்கு எடுத்துரைத்தோம். பிள்ளைகள் பணிவாகக் கேட்டனர். பணிவாகக் கொட்டாவியும் விட்டனர். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளும் பையனின் புண்ணியத்தில் சில படங்களைப் பார்த்திருந்தாள்.

"சேர், அங்கே எல்லாரும் சண்டைக்குப் போய்விட்டால் வேலை செய்கிறது யார்? சாப்பாடு எங்கிருந்து வருகிறது?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. எமது ராபர்ட்ஸ் பிரபுவும் 1857உம் எட்டாத இடத்தை அவள் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள்.

உயிருள்ள புழுக்களை அவ்வீரர் கிண்ணம் கிண்ணமாக உண்பர்; இரத்தமது என்றொரு பானம் அருந்துவர். புழுவை வளர்ப்பவர் எவரோ, மதுவை வடிப்பவர் எவரோ! ஒரு தொடரில் மட்டும் கிளிங்கன் சமையற்காரர் ஒருவர் பாடிக்கொண்டே பரிமாறக் கண்டோம். 1991ஆம் ஆண்டுப் படம், குரோனோஸைச் சுற்றும் பிராக்சிஸ் என்னும் நிலவு வெடித்துச் சிதறுவதோடு தொடங்குகிறது. பேரரசின் முதன்மையான எரிசக்தி நிலையம் அங்கேயே இருந்தது; அளவு கடந்த அகழ்வும் பாதுகாப்புக் குறைவும் வெடிப்புக்குக் காரணம். அதன்பின் தூதுவரும் தளபதிகளும் சமாதானம் பேசுகின்றனர், சதி செய்கின்றனர். அந்நிலவின் சுரங்கத்தில் நின்றவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரத்தினபுரிப் பிள்ளைகளுக்குச் சுரங்கம் இன்னதென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாணிக்கக் குழிக்குள் மண் சரிந்த செய்தியை அவர்கள் கேட்டு வளர்ந்தவர்கள்.

தேடித் தேடி ஒன்று கண்டோம். 2003இல் வெளிவந்த ஒரு கதையில் கிளிங்கன் நீதிமன்றத்து முதிய வழக்கறிஞர் ஒருவர் வருகிறார். தம் இனத்தார் எல்லாரும் ஒருகாலத்தில் போர்வீரராக இருக்கவில்லை என்கிறார் அவர். அவருடைய தந்தை ஆசிரியர், தாய் பல்கலைக்கழகத்து உயிரியல் அறிஞர். காலப்போக்கில் படைக்குலத்தார் மேலேறி மற்றை யாவரையும் மறைத்துவிட்டனர். இளைஞருக்கோ ஆயுதம் ஏந்துவதைத் தவிர வேறெதிலும் மானம் தென்படுவதில்லை. இவ்வுண்மையின் வழியில் அவர் மன்றத்தையே கண்டிக்க, ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்துப் பனிச் சுரங்கத்துக்கு அனுப்புகின்றனர். தப்பிச் செல்ல வாய்ப்பு வந்தும் அவர் தங்கிவிடுகிறார். வாத்தியார் மகன் ஆதலால் எமக்கு அவர் மீது தனிப் பிரியம் ஏற்பட்டதில் வியப்பில்லை. குரோனோஸும் பிறப்பால் வீர உலகமன்று என்பதை அதைப் படைத்தோரே ஒருநாள் ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கிறது.

எமது புறநானூற்றையும் திரும்ப எடுத்தோம். மகனைப் பெறுவதைத் தாயின் கடனாகவும் போரிட்டு மீள்வதை மகனின் கடனாகவும் கூறும் பொன்முடியாரின் பாட்டை எத்தனை முறை கற்பித்திருப்போம்! வேலைச் செய்து தரும் கொல்லனுக்கும் அதில் ஓரடி உண்டு. அந்த அடியில் நாம் ஒருநாளும் நின்றதில்லை.

எமது தந்தையார் தோட்டத் தொழிலாளி. பொன்னர்–சங்கர் கூத்தில் சங்கர் வேடம் கட்டுவார். கொங்கு நாட்டு அண்ணன்மாரின் கதை கடல் கடந்து வந்து, காமன் கூத்தோடும் அருச்சுனன் தபசோடும் மலையகத்தில் வேரூன்றிய வரலாறு வாசகர் அறிந்ததே. அந்த இரவுகளில் கூத்துக் களத்தில் வாள் சுழற்றிய மனிதரை எமக்கு அடையாளமே தெரியாது. ஆனால் அந்த வாளைச் சீவிக் கொடுத்த ஆசாரியாரை லயம் முழுதும் அறியும். கிரீடத்து அட்டையைக் கத்தரித்தவர் எமது சிற்றப்பா; இடைக்கச்சை, அம்மாவின் கூறைச்சேலை. வீடு வீடாக அரிசி தண்டிக் கூத்தருக்குச் சமைத்தவர்கள் பெண்கள். விடிந்ததும் பெரட்டு. காதோரத்தில் அரிதாரம் காயாமலே சங்கர் சுவாமி வரிசையில் நின்று கணக்கப்பிள்ளையிடம் பெயர் கொடுத்தார். சிறுவயதில் அக்காட்சி எமக்கு அவமானமாகப் பட்டது. அவருக்கு அப்படிப் பட்டதாகத் தெரியவில்லை. இரவில் யார் நன்றாக ஆடினார் என்று பேசிக்கொண்டே மலைக்கு ஏறிப் போனார்.

1981 ஆகஸ்டில் இம்மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது எமது பாட்டியார் மூன்று பிள்ளைகளுடன் இறப்பர்க் காட்டில் இரண்டு இரவுகள் பதுங்கியிருந்தார். அதை அவர் வீரக்கதையாக ஒருபோதும் சொன்னதில்லை. கிராமத்துச் சிங்களப் பெண்ணொருத்தி அவித்த பலாக்காயை இருளில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனதையே சொல்வார். தோட்டத்தைவிட்டு வவுனியாவுக்குப் போனோர் போக, எம் குடும்பம் எஞ்சியது. 'ஓர் உலகமே சொந்தம்' என்று பையன் சொன்னானே, அதற்கும் மறுமொழி தேடினோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். மிச்சம் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆயிற்று. அதுவரை காலையில் மரத்தடியில் நின்றவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். இதைப் பையனிடம் எப்படிச் சொல்வது என்று விளங்காமல், சொல்லாமலே விட்டோம்.

பதிலாக ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தோம்: 'குரோனோஸில் ஒரு நாள்'. வீரர் எவரும் வரக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. மாணவியர் விரைந்து எழுதினர். சமையற்காரரின் மகள், கப்பல் கழுவுவோர், புழுப் பண்ணையில் இடுப்பு வலிக்கக் குனிந்து நிற்கும் கிழவி என்று ஓர் உலகமே எழுந்தது. எமது பையன் அரைப்பக்கமே எழுதினான். அவனுடைய குரோனோஸில் ஒரு பெண் விடியுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். பிறகு மழை பிடித்துக்கொள்கிறது. மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. கொஞ்ச மரங்களோடு அவள் திரும்பி வந்துவிடுகிறாள். அங்கே எழுத்து நின்றிருந்தது.

ஏன் முடிக்கவில்லை என்று கேட்டோம். அன்று அவளுக்கு முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான் என்று எழுத வந்தானாம். அதைக் கிளிங்கன் மொழியிலேயே எழுத விரும்பினானாம்.

"அரைப்பேருக்கு அந்த அகராதியில் என்ன சொல், சேர்?"

எமக்குத் தெரியவில்லை. அந்த வரிக்கு இடம் விட்டுக் கையொப்பம் இட்டுக் கொடுத்தோம்.