பூனைக்கும் சீர் உண்டு

நாய் மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். பூனை வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பூனை வளர்க்கிற வீட்டில் யாரைக் கேட்டாலும், "வாஸ்தவம்தான்" என்பார்கள். எஜமானர் பக்கத்தில் இருந்தால் நாய்க்கு எந்த ஊரும் சொந்த ஊர். பூனையின் கதை வேறு. ஜன்னல் கட்டையில் காலை வெயில் விழுகிற ஒரு சாண் இடம், கட்டிலுக்கு அடியில் உள்ள இருட்டு, அடுப்பங்கரை மூலை — இவ்வளவும் சேர்ந்ததுதான் அதற்கு உலகம். அந்த உலகத்திலிருந்து அதைத் தூக்கி, முன்பின் தெரியாத ஓர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டுவிட்டுப் போவது என்றால் சாமானிய விஷயமா?

அந்த அசாத்திய காரியத்தைத்தான் நானும் அரியலூரில் இருக்கும் என் அக்காவும் சென்ற மாசி மாதம் செய்து முடித்தோம்.

எங்கள் பெரம்பலூர் வீட்டில் இருப்பவன் மணி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகமே கேட்டுக் கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் பூனையே மணி! கொழுகொழுவென்று சாம்பல் நிறத்தில் வரிகளோடு இருப்பான். பார்த்தால் புலிக்குட்டி. அழைப்பு மணி அடித்தால் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்து கொள்வான்.

அக்கா வீட்டுப் பூனை சிப்பி. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி அல்லவா? 7 கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகச் சமைந்து இன்றைக்கும் மண்ணில் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை வைத்துத்தான் அவ்வூர் சிமெண்டுத் தொழிற்சாலைகள் நடக்கின்றன. கல் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக ஓடும் சாலை ஓரத்தில், உள்ளங்கை அகலக் குட்டியாக அத்தான் கண்டெடுத்து வந்ததுதான் சிப்பி. லாரிச் சத்தம் கேட்டால் இப்போதும் அதன் உடம்பு நடுங்கும். புது மனிதர் யாராவது கதவைத் திறந்தால் வெளியே பாய்ந்து விடும். பிறகு அதைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும்.

அக்கா, அத்தான், நான், எங்கள் வீட்டுக்காரர் நால்வரும் காசிக்குப் போவதென்று முடிவாயிற்று. மொத்தம் பன்னிரண்டு நாள். பூனைகளுக்குச் சொந்த வீட்டிலேயே இருப்பதுதான் உத்தமம். தெரிந்தவர் ஒருவர் காலையும் மாலையும் வந்து சோறு வைத்து, மணலை மாற்றிவிட்டுப் போனால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அப்படி வரக்கூடிய அடுத்த வீட்டு அம்மாளும் எங்களோடு காசிக்குக் கிளம்பிவிட்டாள்! அக்கா வீட்டிலோ, கதவைத் திறந்தால் ஓடுகிற சிப்பியை யாரை நம்பி விடுவது?

"காசிக்குப் போனால் பிடித்ததில் எதையாவது விட்டுவிட்டு வரவேண்டுமாமே. பூனையை விட்டுவிடேன்!" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"பிடித்ததை விடவேண்டும் என்றால் உங்கள் காப்பியை விடுங்கள்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

திருச்சியில் பூனைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. பெரம்பலூரிலிருந்து அறுபது கிலோ மீட்டர். யாத்திரைக்கு ஆறு வாரம் இருக்கும்போதே, பூனைகளை வீட்டில் விட்டுவிட்டு நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற மாதிரிதான்!

போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். நாய்களும் தங்கும் இடமானால், குரைக்கிற சத்தம் பூனைகள் இருக்கும் பக்கம் கேட்கிறதா என்று நின்று கேளுங்கள். ஒரு பூனையின் அறையிலிருந்து இன்னொரு பூனை கண்ணில் படக்கூடாது. ஏறி உட்கார உயரத்தில் ஒரு பலகை, புகுந்துகொள்ள ஒரு பெட்டி இரண்டும் வேண்டும். மணல் தட்டு ஒரு மூலையிலும் சோற்றுத் தட்டு எதிர் மூலையிலும் இருக்க வேண்டும். நாம் மட்டும் கக்கூஸ் பக்கத்தில் இலை போட்டால் சாப்பிடுவோமா? ஒரு கதவு திறந்தாலும் பூனை தெருவுக்குப் போய்விடாதபடி இரட்டைக் கதவு அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கிறார்களா என்று கவனியுங்கள். நாங்கள் பார்த்த இடத்தில் இருந்த பெண் எங்களை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், எதைக் கண்டால் பயம், தடுப்பூசிப் புஸ்தகம் எங்கே... அக்காவுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் பூனையை வாங்கிக்கொள்கிற இடத்தில் ஒருநாளும் விடாதீர்கள்.

தடுப்பூசியை முதலில் முடித்தோம். பூனைகளுக்குள் பரவும் குடல் நோய்க்கும் சளி நோய்களுக்கும் சேர்த்து ஓர் ஊசி. வெறிநோய்க்குத் தனியாக ஓர் ஊசி. கிளம்பும் தினத்தன்று போட்டால் பிரயோஜனம் இல்லை. உடம்பில் எதிர்ப்பு சக்தி ஏற இரண்டு வாரமாவது வேண்டும். பூச்சி மருந்தையும், உண்ணி வராமல் கழுத்தில் விடும் சொட்டு மருந்தையும் டாக்டரே கொடுத்தார்.

அடுத்தது கூடை. கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் கூடை கடைகளில் கிடைக்கிறது. அநேக வீடுகளில் அது வருஷம் முழுவதும் பரண்மேல் இருக்கும். ஊசி போடப் போகும் அன்றைக்கு மட்டும் கீழே இறங்கும். அதைப் பார்த்ததும் பூனை ஏன் ஓடாது? தெனாலிராமன் பூனை கதை நினைவிருக்கிறதா? முதல் நாள் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான், நாக்கு வெந்தது, அப்புறம் அந்தப் பூனை பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்ற பழமொழியும் இதே சமாசாரம்தான். பூனைக்கு முதல் அனுபவம் எப்படியோ, அப்படித்தான் பின்னால் எல்லாம். ஆகையால் அந்த முதல் அனுபவம் சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

கூடையைக் கூடத்தில் வைத்து, கதவைக் கழற்றிவிட்டேன். உள்ளே என் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டேன். மணி முதல் நாள் தூர நின்று பார்த்தான். மூன்றாம் நாள் மோந்து பார்த்தான். சோற்றுத் தட்டைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து, தினம் ஒரு விரற்கடை உள்ளே தள்ளினேன். இரண்டாவது வாரம் உள்ளேயே சாப்பிட்டான். பிறகு கதவை மாட்டி ஒரு நிமிஷம் சாத்தினேன். அப்புறம் ஐந்து நிமிஷம். தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தேன். ஆட்டோவில் தெருமுனை வரை போனோம். கடைசியில் காரில் சிறுவாச்சூர் வரை போய்த் திரும்பினோம். மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும் விசேஷம். நாங்கள் வெள்ளிக்கிழமை போனதால் எனக்குத் தரிசனமும் ஆயிற்று. வீட்டுக்காரர் காரில் மணிக்குக் காவல்! ஒவ்வொரு தடவை வீடு திரும்பியதும் அவனுக்கு ஒரு துண்டு மீன். அக்காவும் அரியலூரில் இதேபோல் சிப்பியைக் கல்லங்குறிச்சி வரை அழைத்துப் போய்வந்தாள். சிப்பிக்கு எல்லாமே இரண்டு மடங்கு நாள் பிடித்தது. அக்கா அவசரப்படவில்லை.

பெண்ணைப் புக்ககம் அனுப்பும்போது சீர் வைப்பது போல, பூனைக்கும் சீர் வைத்தோம். வழக்கமாகச் சாப்பிடும் அதே தட்டு, அதே தீனி, பழகிய மணல் கொஞ்சம், விரித்துப் படுக்கும் துணி. இந்தத் துணி விஷயத்தில்தான் நம் கை சும்மா இருக்காது. வெளியிடத்துக்கு அனுப்புகிறோமே, சோப்புப் போட்டுத் துவைத்து அனுப்புவோம் என்று தோன்றும். கூடவே கூடாது! பூனை கன்னத்தை நம் காலிலும் கதவு நிலையிலும் தேய்க்கிறதே, அது வெறும் கொஞ்சல் அல்ல. "இது என் இடம்" என்று தன் வாசனையால் எழுதுகிற பட்டா. புது இடத்தில் பூனைக்கு ஆறுதல் அந்த வாசனைதான். துவைத்த துணி அதற்கு அந்நியர் வீட்டுத் துணி. அக்கா தான் உடுத்திக் களைந்த புடவையை அப்படியே கொடுத்தாள்.

சீரோடு ஒரு கடுதாசியும் எழுதினேன். அதில் முதல் வரி: வெங்காயம் கூடாது. எங்கள் பெரம்பலூர்ச் சீமை சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. அது இல்லாத சாம்பார் எங்களுக்குச் சாம்பாரே இல்லை. ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுத்துவிடும். இரண்டாம் வரி: ஜுரத்துக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையைக் கண்ணில்கூடக் காட்டக்கூடாது, ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். மூன்றாவது: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும். பட்டினி மனிதருக்கு விரதம், பூனைக்கு ஆபத்து. இரண்டு மூன்று நாள் அடியோடு சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும். நாலாவது மணிக்காக எழுதியது: ஆண் பூனை மணல் தட்டுக்குப் போய்ப் போய் முக்கிவிட்டு ஒன்றும் போகாமல் திரும்பினால், மறுநாள் பார்ப்போம் என்று இராமல் அந்த க்ஷணமே டாக்டரிடம் ஓட வேண்டும்.

யாத்திரைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரே ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்தோம். சாயங்காலம் விட்டு, மறுநாள் அழைத்து வந்துவிட்டோம். போனால் திரும்பி வருவோம் என்று அவைகளுக்குத் தெரிய வேண்டாமா? மணி இரவே சாப்பிட்டு விட்டானாம். சிப்பி விடியற்காலையில் இரண்டு வாய்.

பிறகு அந்த நாளும் வந்தது. விடிவதற்கு முன்பே அரியலூரிலிருந்து அக்கா காரில் வந்துவிட்டாள். பூனைகளுக்கு முதல் நாள் ராத்திரியோடு சோறு சரி. வயிறு நிறைந்திருந்தால் வண்டியில் வாந்தி எடுக்கும். சிப்பியும் மணியும் சேர்ந்து வாழ்ந்தவை அல்ல. ஆகையால் இரண்டு கூடைகளையும் ஒன்றையொன்று பார்க்காதபடி துணி போட்டு மூடினோம். விடுதியிலும் தனித்தனி அறைதான். விட்டுவிட்டு வரும்போது அக்கா கண் கலங்கினாள்.

"அழுவதானால் காரில் வந்து அழு, அக்கா. நாம் பதறினால் அதுவும் பதறும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

காசியில் இரண்டாம் நாள் இரவு, கங்கையில் ஆரத்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. மணி சௌக்கியம். சிப்பி முதல் நாள் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. அட்டைப் பெட்டிக்குள் போனது வெளியே வரவே இல்லை. அனுப்பியிருந்த படத்தில் இருட்டும் இரண்டு கண்களும்தான் தெரிந்தன.

அக்காவுக்கு ஆரத்தியும் தெரியவில்லை, கங்கையும் தெரியவில்லை. "நான் ஊருக்குப் போகிறேன். என் சிப்பி பட்டினி கிடக்க, எனக்குப் புண்ணியம் எதற்கு?" என்று கிளம்பியே விட்டாள்.

"பொறும்மா" என்று அத்தான் போனை வாங்கிப் பேசினார். அந்தப் பெண் கொஞ்சமும் பதறவில்லை. காலை வரை பார்த்துவிட்டு டாக்டரை அழைப்பதாகச் சொன்னாள். பெட்டியிலிருந்து சிப்பியை இழுக்கவும் இல்லை. மீனை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணினாள். சூட்டில்தானே வாசனை எழும்பும்? அக்காவின் புடவையை அறையின் முன்பக்கம் திரைபோலத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். ராத்திரி பதினொன்றரை மணிக்குச் செய்தி வந்தது: தட்டு காலி!

அக்கா அப்புறம்தான் வாய் நனைத்தாள்.

ஒளிய இடம் கொடுத்தால் பூனை ஒளிந்தே கிடக்கும் என்று சிலர் பெட்டியை எடுத்துவிடச் சொல்வார்கள். அது தப்பு. 2014-ல் நெதர்லாந்து தேசத்தில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்துப் பார்த்தார்கள். பத்துக்குப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. மூன்று நான்கு நாட்களுக்குள் பெட்டி கிடைத்த பூனைகள் மிகவும் தெளிந்துவிட்டனவாம். பயப்படுவதற்கு ஒரு மறைவிடம் இருந்தால்தான் பயம் சீக்கிரம் தீரும் போலிருக்கிறது. நாலாம் நாள் சிப்பியும் பலகைமேல் ஏறி உட்கார்ந்து படத்துக்குப் போஸ் கொடுத்தது.

பன்னிரண்டாம் நாள் அழைத்து வந்தோம். மணி எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்து மூலைக்கு மூலை கன்னத்தைத் தேய்த்துப் பட்டாவைப் புதுப்பித்த பிறகுதான் மடியில் ஏறினான். சிப்பி இரண்டு நாள் ஒரே அறையில் இருந்தது. மூன்றாம் நாள் அத்தானின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

இதில் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாயிற்று. பயந்த சுபாவம் உள்ள ஜீவனிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. பயம் வருவதற்கு ஆறு வாரம் முன்னாலேயே, வாசலிலிருந்து தெருமுனைக்கு, தெருமுனையிலிருந்து சிறுவாச்சூருக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அப்படியும் பதறி ஒடுங்குகிற பூனை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கென்று மருந்து எழுதித் தருவார். நாமாக எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

இன்னும் ஒன்று: ஊரிலிருந்து திரும்பியதும் கூடையைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றி விடாதீர்கள். கூடத்திலேயே இருக்கட்டும். இடத்தை அடைக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், அடுத்த தடவை சுலபமாக இருக்கும்.