ஓதிப் பார்க்க வந்த பிள்ளை

சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் வேளை. நண்பர் ஒருவர் தம் 13 வயது மகனுடன் வந்தார். "ஹஜ்ரத், இவனுடைய நடையும் பேச்சும் பெண்பிள்ளை போல் இருக்கின்றன. 'நான் பெண்தான்' என்று தாயிடம் சொல்கிறானாம். ஓதிப் பார்த்து ஒரு தாயத்துக் கட்டிவிடுங்கள்" என்றார். பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

எனக்கு 20 ஆண்டுகளுக்கு முந்திய வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. அவன் என்னிடம் ஓதிய மாணவன். இனிமையாகக் கிராஅத் ஓதுவான். மற்றப் பிள்ளைகள் அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரித்தார்கள். நானோ அவர்களை விட்டுவிட்டு, "நீ ஆண்பிள்ளையாக நடந்தால் யார் சிரிக்கப் போகிறார்கள்?" என்று அவனையே கண்டித்தேன். சில மாதங்களில் மத்ரஸாவுக்கு வருவதை நிறுத்தினான். பின்னர் வீட்டை விட்டே போய்விட்டான். அவன் எங்கிருக்கிறான் என்பதை அவன் தாய் இன்றுவரை அறியார். பரிகசிப்பதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் தடுக்கின்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தை அதே வகுப்பில் கற்றுக்கொடுத்தவன் நான்!

நண்பரை அருகில் அமர்த்திச் சொன்னேன்: "பாய், ஓதித் தீர்க்க இது ஜின்னும் அல்ல, பைத்தியமும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதனை மனநோய் வரிசையிலிருந்தே நீக்கிவிட்டது. அடித்தால் பிள்ளை மாறாது. மறைக்கக் கற்றுக்கொள்ளும், அல்லது ஓடிவிடும்."

திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. இந்தக் காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இதில் அறிஞர்கள் ஆராய வேண்டிய மார்க்கச் சட்டங்கள் பல உண்டு. ஆனால், ஒரு பிள்ளையைப் பரிகசிக்கக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு?

பிறகு பிள்ளையிடம் தனியே பேசினேன். கழிவறையில் மற்ற மாணவர்கள் சூழ்ந்துகொள்வார்கள் என்று அஞ்சி, பள்ளிக்கூடத்தில் மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லையாம். நெஞ்சு பதறியது. மறுநாள் நானும் நண்பரும் தலைமையாசிரியரைக் கண்டோம். ஆசிரியர்களின் கழிவறையைப் பயன்படுத்த அவர் அனுமதித்தார். கேலி செய்வோரைக் கண்டிப்பதாகவும் வாக்களித்தார்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கடினமன்று. பிள்ளை மனம் திறக்கும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். 'ஆணா, பெண்ணா, இன்றே சொல்' என்று நெருக்காதீர்கள். இரண்டிலும் அடங்காதவராகத் தம்மை உணர்வோரும் உண்டு. அதன் துயரை உறவினரிடம் கதையாக்காதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓர் அமானிதத்தை நான் காக்கத் தவறினேன். ஓதிப் பார்க்க வந்த இந்தப் பிள்ளையோ இன்று என்னிடம் ஓத வருகிறது. வகுப்பில் முதல் சிரிப்பு எழும்போதே அதனை நான் நிறுத்திவிடுகிறேன்.