தப்பித்தவன்

பால் ஷ்ரேடர் இயக்கிய ‘அஃப்ளிக்ஷன்’ (1997) படத்தைப் பார்ப்பவர்கள் நிக் நோல்டிக்காக இரங்குவார்கள், ஜேம்ஸ் கோபர்னைக் கண்டு பதறுவார்கள். அந்தக் கொடூரத் தகப்பன் வேடம்தான் கோபர்னுக்குச் சிறந்த துணைநடிகர் ஆஸ்கரை வாங்கித் தந்தது. என் கண் அவர்கள் இருவர் மேலும் நிற்கவில்லை. வில்லெம் டஃபோ நடித்த தம்பி ரால்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் எனக்கும் ஒரே ஜாதகம்.

நியூ ஹாம்ப்ஷயரில் பனி மூடிய ஒரு சிற்றூர். குடிகார அப்பாவிடம் அடிபட்டே வளர்ந்த அண்ணன் வேட் (நோல்டி), அதே ஊரில் போலீஸ்காரனாக இருக்கிறான். கணப்பு அணைந்த வீட்டில் அம்மா குளிரில் விறைத்துச் சாக, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பாரமும் அவன் தலையில் விழுகிறது. தம்பி பாஸ்டனுக்குப் போய்விட்டவன். சாவுக்கு வருகிறான், திரும்பிப் போகிறான். மற்றதெல்லாம் போனில்தான். வேட்டையில் இறந்த ஒருவரின் சாவு விபத்தா கொலையா என்று அண்ணன் குழம்பும்போது, அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போடுபவனும் இவனே. தான் சிறுவயதிலிருந்தே ஜாக்கிரதையானவன், அப்பாவின் வன்முறை தன்னைத் தொடவில்லை என்கிறான். வேட் சிரிக்கிறான். எனக்கு வியர்த்துவிட்டது.

எங்கள் அப்பா பெல்ட்டைக் கழற்றினால் நான் மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன். அண்ணன் ஓடமாட்டான், ஓடினால் அந்த அடி அம்மாவுக்கு விழும். நான் படித்துச் சென்னைக்கு வந்தேன், அவன் அப்பாவோடு கடையில் நின்றான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், வாடிக்கையாளர்கள் பார்க்க அப்பாவிடம் அறை வாங்கினான். அன்று இரவு என்னைக் கூப்பிட்டான். “ஒரு தடவை வந்து அவர்கிட்ட பேசுடா” என்றான். “அவருக்கு வயசாயிருச்சுண்ணே, கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்றேன். மறுநாள் பணம் அனுப்பினேன். சொந்தக்காரர்கள் அதைப் பாசம் என்றார்கள், நானும் தலையாட்டிக்கொண்டேன். உண்மையில் அது வராமல் இருப்பதற்கு நான் கட்டிய அபராதம்.

அதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. அண்ணன் தன் மகன்மேல் கை நீட்டத் தொடங்கியபோது, “அப்பா மாதிரியே ஆயிட்டான்” என்று என் மனைவியிடம் சொன்னேன். ஏதோ தூரத்துச் சொந்தத்தைப் பற்றிச் சொல்வதுபோல. படத்தில் வேட்டின் கையும் தன் மகள்மேல் படுகிறது. அதற்குள் அவன் முழுதாக உடைந்திருப்பான். எங்கள் அண்ணன் எப்போது உடைந்தான் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்திருந்தால்தானே தெரிந்திருக்கும்?

வேட் அப்பாவைக் கொன்றுவிட்டுக் காணாமல் போகிறான். முழுக்கதையையும் சொல்லும் குரல் ரால்ஃபுடையது. எங்கள் வீட்டுக் கதையையும் இப்போது நான்தான் எழுதுகிறேன். அண்ணனைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லக்கூடும், இதைவிடக் கடுமையாகவே.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான். நான் யாரையும் அடித்ததில்லை. அடிபட்டவன் கூப்பிட்டான், போகவில்லை. பொறுமை, விவேகம் என்று நான் பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது வெறும் கோழைத்தனம்.