ஏ என்று ஓர் எழுத்து

வெண்குள்ள நட்சத்திரத்தை முதலில் கண்டது யார் என்பதில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 40 எரிடனியின் மங்கலான துணையை வில்லியம் ஹெர்ஷல் 1783-லேயே பார்த்துக் குறித்துவைத்தார். சிரியஸின் துணை 1862-ல், புது லென்ஸ் ஒன்றைச் சோதித்த ஆல்வன் கிரஹாம் கிளார்க்கின் கண்ணில் பட்டது. பார்த்தார்கள், சரி. பார்த்தது இன்னதென்று இருவருக்கும் தெரியாது.

1910-ல் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஹார்வர்டில் பிக்கரிங்கோடு பேசிக்கொண்டிருந்தார். தூரம் தெரிந்த நட்சத்திரங்களில் மங்கலானவை எல்லாம் சிவப்பு என்று ஓர் ஒழுங்கு அவருக்குப் புலப்பட்டிருந்தது. எரிடனியின் துணை எப்படி என்று பேச்சு வந்தது. பிக்கரிங் டெலிபோனில் மிஸஸ் பிளெமிங்கைக் கேட்கச் சொன்னார். சற்று நேரத்தில் பதில்: ஏ வகை. அதாவது வெள்ளை.

வெள்ளை என்றால் கொதிப்பு. வெறும் 16 ஒளியாண்டுத் தூரத்தில், அவ்வளவு கொதிப்போடு, இவ்வளவு மங்கலாக ஒன்று இருக்கிறதென்றால் அதன் பரப்பு மிகச் சிறியதாக இருந்தாகவேண்டும். சூரியனில் பாதிக்குமேல் எடை. உருவமோ பூமியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தூரம் தெரியாவிட்டால் இது எங்கோ தொலைவில் இருக்கும் சாதாரண வெள்ளை நட்சத்திரம். 2021-ல் ஏறக்குறைய 3,59,000 வெண்குள்ளன்களைப் பொறுக்கியெடுத்ததும் கையா விண்கலம் அளந்த தூரங்களை வைத்துத்தான்.

வில்லியமினா பிளெமிங் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, புருஷன் கைவிட்டபின் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தவர். பிறகு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த நிறமாலைகளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்துப் போடும் வேலை. தனக்கு ஆண்டுக்கு 1500 டாலர், சில ஆண் உதவியாளர்களுக்கு 2500 என்று 1900-ல் எழுதிய நாட்குறிப்பில் குமுறியிருக்கிறார். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு ரஸ்ஸலின் வரைபடத்தைவிட இந்தப் பக்கம் நன்றாகவே புரிகிறது.

நம் வட்டத்தில் கேள்வி கேட்பவனுக்குத்தான் மரியாதை. வரிவரியாகப் படித்து இது இன்ன வகை என்று எழுதிவைப்பவன் குமாஸ்தா விமர்சகன். என்னையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ரஸ்ஸல் கேட்டிராவிட்டால் அந்த ஏ வெறும் ஏதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய ஒழுங்குக்குப் பொருந்தட்டும் என்று, தகட்டில் தெரிந்ததை விட்டுவிட்டு, சிவப்புக்குரிய எம் என்று பிளெமிங் சொல்லியிருந்தால்? ரஸ்ஸல் சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பார்.

பிளெமிங் 1911-ல் இறந்தார். அந்த நிறமாலையை வால்ட்டர் ஆடம்ஸ் அச்சில் வெளியிட்டது 1914-ல். வெண்குள்ளன் என்ற பெயரை லூய்ட்டன் வைத்தபோது 1922 ஆகிவிட்டிருந்தது.