பாறசாலைப் பனையேறியின் தடம்

பாறசாலை, இஞ்சிவிளை, அமரவிளை என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறார்கள். தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய அப்பா பனையேறினார் என்பது தெரியும். அதற்கப்பால் யாரைக் கேட்டாலும் பதில் இல்லை. நிலம் வைத்திருந்தவருக்குப் பத்திரம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலில் உரிமை இருந்தவருக்கு அக்கோயிலின் மதிலகத்து ஓலைச்சுருணை இருக்கிறது. பனையேறிக்கு எழுத்தே இல்லை, ஆகவே வரலாறும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. பெயரைத் தேடிப் போனால் கிடைக்காத அந்த மனிதர், தொழிலைத் தேடிப் போனால் கிடைக்கிறார் என்பதே நான் சொல்ல வருவது.

கி.பி. 849-ஐ ஒட்டிக் கொல்லத்தில் வெட்டப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த கொடை அது. பள்ளிக்கு ஒப்படைக்கப்பட்ட ஈழவர் குடிகளிடம் வசூலிக்கக் கூடாதென்று அதில் விலக்கப்பட்ட இறைகளுள் ஒன்று ஏணிக்காணம். பனையிலும் தென்னையிலும் ஏறுகிறவரின் ஏணிக்குப் போட்ட வரி. பாறசாலையிலிருந்து கொல்லம் இன்றைய வண்டியில் ஒருநாள் பயணத் தொலைவுகூட இல்லை. தென்திருவிதாங்கூரில் இதே வேலையை ஈழவரும் நாடாரும் செய்தார்கள். ஆயிரத்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே அரசின் கண்ணில் அந்த ஏணி பட்டிருக்கிறது, ஏறியவரின் பெயர் படவில்லை. பிற்காலத் திருவிதாங்கூரிலும் கதை மாறவில்லை. புரையிடத்துக்கு, அதாவது வீட்டுத் தோட்டத்துக்கு, வரி போட்டவர்கள் தென்னை, கமுகு, பலா என்று மரத்தை எண்ணிக் குறித்தார்கள். மரத்தில் ஏறுகிறவரை எதற்குக் குறிக்க வேண்டும்? கணக்கை எழுதிய ஓலையே ஒருவர் பனையில் ஏறி வெட்டிப் போட்டதுதான் என்ற எண்ணம் எழுதியவருக்கு வந்திருக்காது.

உழைக்கிறவரின் பெயர் ஓலையில் ஏறிய சந்தர்ப்பமும் உண்டு, அது வேதனையானது. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளை ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். அவற்றில் அடிமைகளை விற்ற, ஒற்றி வைத்த ஆவணங்கள் இருக்கின்றன. விற்பனைக்கு வந்தபோதுதான் அந்த மனிதர்களுக்கு எழுத்தில் இடம் கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். ஆகவே ஒரு முன்னோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் ஒன்றுமில்லாதவர் என்று எண்ணுவது தவறு. சில வேளை, பெயர் இல்லாமல் தப்பியதே அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் சான்றுகள் பெருகுகின்றன. லண்டன் மிஷன் பாறசாலையைத் தனி மையமாக்கியது. அங்கே பணிசெய்த ஜாண் ஆப்ஸ் தன் இருபத்திரண்டாண்டு அனுபவத்தை 1870-ல் நூலாக்கினார். அதே மிஷனின் சாமுவேல் மெட்டீர் எழுதிய இரண்டு பெரிய நூல்கள் 1871-லும் 1883-லும் வந்தன. இவர்களை எப்படி நம்புவது என்ற ஆட்சேபம் நியாயமானது. மிஷனரி கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி 1849-ல் எழுதிய சிறுநூலில் அவர்களை இழிவாகப் பேசியதைச் சட்டம்பிள்ளை போன்ற நாடார்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தக் கோபம் முழுக்கச் சரி. ஆனால் மிஷனரியின் தீர்ப்பு வேறு, அவர் கண்ணால் கண்ட வேலை வேறு. தீர்ப்பைத் தள்ளிவிடலாம். வேலையைப் பற்றி எழுதியதைச் சரிபார்க்க இன்றும் வழியிருக்கிறது, ஏனென்றால் விளவங்கோட்டுப் பக்கம் இன்னும் சிலர் பனையேறுகிறார்கள். காலில் தளைநார், மரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி, இடுப்பில் பாளை அரிவாளும் குடுவையும். பாளையைக் கடிப்பால் நெரித்து, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும்; சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி என்ற பதநீர் புளித்துக் கள்ளாகும். சீவுவது ஒருநாள் தப்பினாலும் பாளை அடைத்துக்கொள்ளும், அதனால் காய்ச்சல் வந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். நாற்பது பனை, காலையும் மாலையும், மரம் பன்னிரண்டு மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒருநாள் ஏற்றம் 960 மீட்டர். அங்கிருந்து வடகிழக்கே நிற்கும் அகத்தியர் மலையின் உயரம் 1,868 மீட்டர். அதில் பாதியைத் தினமும் ஏறி, அத்தனையும் இறங்கியவர் நம் பாட்டனார். இதைவிட நெருக்கமான வாழ்க்கைக் குறிப்பு எந்த ஜமீன் பரம்பரைக்கு இருக்கிறது?

வேலையில் பாதி பெண்களுடையது. இறக்கிய அக்கானியை விடிலி என்ற குடிலில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கியவர்கள் அவர்கள்தான். அவர்களின் பெயர் ஆண்களின் பெயரைவிட அரிதாகவே கிடைக்கிறது. ஆனால் 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட விளம்பரம், நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியும் கட்டிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் மேல்துணி அணியக் கூடாது என்று வரையறுத்தது. பெயர் தெரியாத அந்தப் பாட்டி எந்தத் துணியைத் தோளில் போட உரிமையற்று இருந்தாள், அதற்காக எவ்வளவு காலம் போராடினாள் என்பது நமக்குத் தேதியோடு தெரிகிறது.

இதெல்லாம் ஒரு சமுதாயத்தின் வரலாறு, ஒரு மனிதரின் வரலாறு ஆகுமா என்று கேட்கலாம். இந்தக் கேள்விதான் கனமானது. முழுப் பதில் என்னிடம் உண்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதி வழி போகலாம். சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளை பெயரோடு தகப்பன் பெயரும் வரும். ஊர்ப் பெயரின் பின்னே வரும் விளை எது என்று தெரிந்தால் அவர் ஏறிய பனங்காடு எது என்றும் ஓரளவு பிடிபடும். தென்திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்வந்தவர்களைப் பற்றி மிஷன் குறிப்புகள் பேசுகின்றன. ஒரு தலைமுறை ஏட்டில் திடீரென்று காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக் கூடும். தொழில் என்ற சட்டகம் இல்லாமல் இந்தத் துண்டுகளைப் பார்த்தால் வெறும் பெயர்கள். அதற்குள் வைத்தால் ஒரு ஆயுள்.

இன்னொரு பதிலும் புழக்கத்தில் இருக்கிறது: நாம் பாண்டியன் வழி வந்தவர்கள், இடையில் தாழ்ந்துபோனோம் என்பது. அவமானப்படுத்தப்பட்டவர்கள் அப்படி ஒரு மதிலைக் கட்டிக்கொண்டது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கதையில் பனையேறிய பாட்டனாருக்கு வேலையில்லை; அவரைத் தாண்டி அரண்மனைக்குப் போகத்தான் அது வழிகாட்டுகிறது.

எல்லையின் சிக்கல் வேறு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துக்கும், தமிழர்கள் கேட்ட, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. பழைய திருவிதாங்கூர் ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. பாறசாலைப் பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். உறவுகள் களியக்காவிளைக்குத் தெற்கே தமிழில் படிக்கிறார்கள். தெற்கே இருப்பவருக்கு அந்த ஆவணங்களைப் படிக்கத் தெரியாது, வடக்கே இருப்பவருக்குக் கருவிகளின் பெயர் மறந்துபோயிற்று. இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இந்தத் தேடல் நகரும். தொடங்குகிறவர்கள் வம்சாவளிப் படம் வரைவதைப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். எந்த விளை, எத்தனை பனை, பாட்டமா வாரமா, அக்கானி காய்ச்சியது யார், கருப்பட்டி போனது களியக்காவிளைச் சந்தைக்கா வேறெங்கா என்று கேட்கட்டும். இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய முதியவர்கள் இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறார்கள்.